தருமி பெற்ற பாடலும் பனுவலிடைத் தொடர்பும்

நூல் என்னுஞ் சொல்லும் பனுவல் என்னுஞ் சொல்லும் தமிழில் இழைக்கும் உரியன; ஏட்டிற்கும் உரியன. பஞ்சினின்றும் இழை நூற்கப்படுமாறு போலச் சொல்லினின்றும் நூல் ஆக்கப்படும் என்று பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்து உவமை கூறினார். அவ்வுவமையில் சொல் பஞ்சு; புலவன் நூற்கும் மகள்; அவன் மதி கதிர். இழை யொன்று தனித்து ஆடையாதல் இல்லை. அங்ஙனமே நூலொன்று, தனக்கு முன்னும் பக்கத்தும் உள்ள நூல்களோடு ஊடும் பாவுமாய்ப் பின்னியன்றிப் பொருள் பயத்தல் இல்லை. மேனாட்டு இலக்கியக் கொள்கையாளர் இவ்வுண்மையைச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு தனிக் கோட்பாடாக வளர்த்தனர். அதனைப் 'பனுவலிடைத் தொடர்பு' எனத் தமிழில் வழங்கலாம்.

இக்கோட்பாடு பற்றித் தமிழ்நாட்டில் இருவகைக் கூற்றுக்கள் கேட்கப்படுகின்றன. இஃது எம் முன்னோர் என்றோ கண்டது, முதல் வழி சார்பு என மூவகை நூல் வகுத்த தமிழர்க்கு இதிற் புதுமை யாதுமில்லை என்பார் ஒருசாரார். ஒவ்வொரு நூலும் பிற நூல்களின் கலவையே என்று கொள்ளின் அருளாளர் திருவாக்கின் தனிப்பெருமை என்னாம் என்று அஞ்சுவார் மற்றொரு சாரார். முன்னது வீண்பெருமை, பின்னது வீணச்சம். இரண்டன் தன்மையும் மதுரைமாநகரில் யாவரும் அறிந்த ஒரு வரலாற்றைக் கொண்டே தெளியக் கிடக்கின்றது. அது தருமிக்குப் பொற்கிழி அளித்த திருவிளையாடல். ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் ஆலவாயில் நிகழ்த்தப்பெறும் அவ்விளையாடல், ஒரு பாட்டு யாருடையது, அதன் பொருளை உறுதி செய்பவர் யாவர் என்னும் வினாக்களையே நடுவாக உடையது. இவ்வினாக்களே மேனாட்டார் கோட்பாட்டிற்கும் நடுவாவன.

முதற்கண் அக்கோட்பாடு வளர்ந்தவாறு காண்க. 1919-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட், மரபும் தனித்திறனும் பற்றி எழுதிய கட்டுரையில், புதிய நூலொன்று தோன்றுங்கால் அதற்கு முற்பட்ட நூல்களின் வரிசை முழுவதும் சிறிதே மாறியமைகின்றது என்னுங் கருத்தை நிறுவினார். முன்னது பின்னதை ஆக்குதலோடு, பின்னது முன்னதைக் காணும் பார்வையையும் மாற்றுகின்றது என்பது அதன் கருத்து. 1929-இல் உருசிய நாட்டு மிகயில் பக்தின், தஸ்தயெவ்ஸ்கியின் புதினங்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். ஒருவன் வாய்ச்சொல் ஒருபோதும் அவனுக்கே உரியதன்று; பிறர் வழங்கிய சொல்லையே அவன் எடுத்தாள்கின்றான்; ஆதலின் ஒவ்வொரு சொல்லும் பிறர் சொல்லுக்கு விடையாகவும் வினாவாகவும் நிற்கின்றது என்பது அவர் துணிபு. அந்நூல் நெடுங்காலம் மேற்கு நாடுகளில் அறியப்படாது கிடந்து, 1963-இல் திருத்திய பதிப்பாய் மீண்டும் வெளிவந்தது.

பல்கேரிய நாட்டிற் பிறந்து 1965-இன் இறுதியில் பாரிசு நகரை அடைந்த ஜூலியா கிறிஸ்தேவா என்னும் அம்மையார், ரோலான் பார்த் என்பார் நடத்திய ஆய்வரங்கில் பக்தினுடைய கருத்துக்களை 1966-இல் எடுத்துரைத்தார். 1967-இல் அது கட்டுரையாக அச்சேறியது. அதன்கண்ணே தான் இப்பனுவலிடைத் தொடர்பு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் ஆக்கப்பட்டது. பனுவலொன்று பிற பனுவல்களை உட்கொண்டு அவற்றை மாற்றியமைத்தே உருப்பெறுகின்றது. சமுதாயமும் வரலாறுந் தாமும் அதனுட் பனுவலாகவே புகுகின்றன என்பது அம்மையார் கொள்கை. பின்னர் அச்சொல்லைப் பலரும், இன்ன பாட்டு இன்ன பாட்டினின்றும் வந்தது என மூலந் தேடும் முயற்சிக்கே வழங்கத் தலைப்பட, அம்மையார் 1974-இல் வெளியிட்ட நூலில் அச்சொல்லை விடுத்து, ஒரு குறிமுறையினின்றும் மற்றொரு குறிமுறைக்கு இடம்பெயர்தல் எனப் பொருள்படும் வேறு சொல்லை மேற்கொண்டார். இது கருதத்தக்கது. மூலந் தேடுதல் வேறு. இடம்பெயர்ந்த வழிப் பொருள் யாதாயிற்று என ஆராய்தல் வேறு.

ரோலான் பார்த் இதனை இன்னும் ஒருபடி மேற்கொண்டு சென்றார். 1967-இல் ஆங்கிலத்திலும் 1968-இல் பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்த அவரது சிறு கட்டுரை, ஆசிரியன் இறந்தான் என்பதனையே தலைப்பாகக் கொண்டது. பனுவல் எண்ணிறந்த மூலங்களினின்றும் வந்த சொற்களின் நெசவு. அதன் பொருளுக்கு ஆசிரியன் தலைவன் அல்லன். படிப்பவனிடத்தே தான் அவ்விழைகள் ஒன்று கூடுகின்றன என்பது அதன் சாரம். 1982-இல் ஜெரார் ஜெனெத் என்பார் இத்தொடர்புகளை ஐந்தாக வகுத்து ஒழுங்கு செய்தார். மேற்கோளும் குறிப்பும் சொற்களவும் ஒன்று. தலைப்பு, முன்னுரை முதலிய புறவாயில்கள் ஒன்று. ஒரு நூலைப் பற்றி மற்றொரு நூல் உரைப்பது ஒன்று. நூலின் இனமும் துறையும் பற்றிய தொடர்பு ஒன்று. ஒரு நூலின்மேல் மற்றொரு நூல் எழுவது ஒன்று. தமிழறிந்தார் இவ்வைந்தனையுங் கேட்ட அளவிலே மேற்கோளையும், பாயிரத்தையும், உரையையும், துறையையும், வழிநூலையும் நினைவு கூர்தல் இயல்பேயாம்.

இந்நினைவே முற்கூறிய வீண்பெருமைக்குத் தோற்றுவாய். ஆகலின் தமிழ்நூலார் யாது கூறினர் என்பதனையும் அளவறிந்து கொள்ளல் வேண்டும். தொல்காப்பிய மரபியல், முதனூல் வழிநூல் என இரண்டனை வகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக்கிற்று. நன்னூல் சார்புநூலையும் உடன்கூட்டி மூன்றென்றது. சைவ சித்தாந்தத்தில் சிவஞானபோதம் முதனூல், சிவஞான சித்தியார் வழிநூல், சிவப்பிரகாசம் சார்புநூல் என வழங்கும் வழக்கு இதன்பாற்பட்டது. சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய பதினொரு பாட்டாகிய திருத்தொண்டத்தொகை தொகையாகவும், நம்பியாண்டார் நம்பி அருளிய திருத்தொண்டர் திருவந்தாதி வகையாகவும், சேக்கிழார் பெருமானது புராணம் விரியாகவும் ஒன்றன்மேல் ஒன்று எழுந்தமை சைவர் யாவரும் அறிந்ததே. மொழிபெயர்ப்பினையும் வழிநூல் வகையுள் ஒன்றாக எண்ணி இழிவின்றி இடந்தந்த இலக்கணத்தின் பெருந்தன்மை ஈண்டுப் பாராட்டற்பாலது. சிவஞானபோதம் இரௌரவ ஆகமத்துப் பன்னிரு சூத்திரங்களின் மொழிபெயர்ப்பு என்பது சிவஞான முனிவர் கொள்கை. அது தமிழிலேயே முதற்கண் எழுந்ததென்பது பிற்காலத்து அறிஞர் பலர் கொள்கை. இவ்விரு திறத்தாரும் பெருமை சிறுமை பற்றிய வழக்காக அதனைச் சில வேளைகளில் நடத்தினர். நூலின் பெருமை அது வேறொரு நூலோடு தொடர்பின்றித் தனித்து நிற்றலில் உளதென்று கருதியதே அவ்வழக்கின் சூட்டிற்குக் காரணம். தொல்காப்பியனார் அங்ஙனங் கருதினாரல்லர்.

எனினும், முதல் வழி சார்பு என்னும் பாகுபாடு ஆசிரியன் அறிந்து மேற்கொண்ட தொடர்பினையே கூறுகின்றது. வழிநூலாசிரியன் தன் முதனூலை அறிவான். அறிந்தே வேறுபாடு செய்வான். ஆசிரியன் கருதாத தொடர்பும், படிப்பவன் காண எழுந்த தொடர்பும், காலத்தின் வழக்கும் வாழ்வும் நூலுட் புகுந்த தொடர்பும் அப்பாகுபாட்டுள் அடங்கா. வடமொழியில் ஒன்பதாம் நூற்றாண்டுக் காசுமீரத்து ஆனந்தவர்த்தனர், தமது தொனிநூலின் நான்காம் பகுதியில், இரு புலவர் கூற்றுக்கள் ஒத்தலை மூவகையாக்கினார்: கண்ணாடி நிழல் போல்வது, ஓவியம் போல்வது, இரண்டு மக்கள் உடல் ஒத்திருத்தல் போல்வது. முன்னிரண்டும் விலக்கத்தக்கன, மூன்றாவது கொள்ளத்தக்கது, அதற்கு உயிர் வேறாதலின் என்றார். இஃது இன்னும் நுட்பமுடையது. ஆயினும் இதுவும் புலவனுக்குக் கூறிய அறமேயன்றிப் பனுவலின் இயல்பு பற்றிய கோட்பாடு அன்று. ஆகவே, எல்லாம் முன்னமே உண்டு என்பது பொருந்தாது. உள்ளது ஒன்று, மேனாட்டார் கண்டது அதனோடு ஒருபுடை ஒத்த மற்றொன்று. இரண்டனையும் எதிர்எதிர் நிறுத்தி நோக்குதலே பயனுடைத்து. இந்தியப் பனுவல்களை இந்நோக்கில் ஆராய்ந்தவருள் மைசூரிற் பிறந்து சிகாகோவில் ஆசிரியராயிருந்த ஏ. கே. இராமாநுசன் குறிப்பிடத்தக்கவர். குறுந்தொகைப் பாடல்களை 1967-இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட அவர், இந்திய நூல்கள் ஒன்றனையொன்று எதிரொளிக்கும் கண்ணாடிகள் போல்வன என்பதனை 1989-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் விரித்துரைத்தார்.

இனித் தருமி பெற்ற பாடலைக் காண்க. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாக அது நிற்கின்றது. அங்கே பாண்டியன் இல்லை, பொற்கிழி இல்லை, தருமியும் இல்லை. தலைவியைக் கண்ணுற்ற தலைவன் ஒருவன், பூந்தாது தேர்ந்து வாழும் தும்பியை நோக்கி, என்மாட்டு விருப்பத்தாற் கூறாது நீ கண்டறிந்ததையே கூறுக, இவள் கூந்தலினும் நறியன பூக்கள் நீ அறிந்தவற்றுள் உளவோ என வினவுகின்றான். அவ்வளவே பாட்டு. தலைவியின் நாணம் நீங்குமாறு நலம் பாராட்டியதெனத் துறை வகுத்தோர் அதற்கு ஒரு புறவாயில் அமைத்தனர். பாடினோர் பெயர் இறையனார். அது சங்கப் புலவர் ஒருவர் பெயரே என்பாரும், ஆலவாய்ப் பெருமானே என்பாரும் உளர். அறுபது சூத்திரம் உடைய இறையனார் அகப்பொருளுக்கு நக்கீரனார் பெயரால் வழங்கும் உரை, அந்நூலை ஆலவாய் அமர்ந்த இறைவனே இயற்றியருளினான் எனக் கூறுகின்றது. ஒரு பெயர் இரு நூல்களை இணைத்தது. அவ்விணைப்பினின்றும் ஒரு வரலாறு முளைத்தது.

ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசு நாயனார், பாண்டிநாட்டுத் திருப்புத்தூரில் அருளிய திருத்தாண்டகத்து, இறைவன் புலவனாய்ச் சங்கம் ஏறியதனையும் தருமிக்குப் பொற்கிழி அருளியதனையும் ஓரடியளவில் குறித்தருளினார். குறித்த அளவிலேயே கேட்போர் உணர்வர் என்னுந் துணிபு அக்குறிப்பில் உண்டு. வரலாறு அதற்கு முன்னரே நாட்டில் வழங்கியதென்பது அதனாற் பெறப்படும். பின்னர் எழுந்த கல்லாடம் அப்பாட்டினை அதன் முதற்சொற்களாலேயே சுட்டி, அதுவே தருமிக்குப் பொன் பெறுவித்த பாட்டு என்பதனை வெளிப்படையாக்கிற்று. கல்லாடம் தானும் திருக்கோவையாரின் நூறு துறைகளை அடியொற்றி எழுந்த நூறு அகவல் உடையது என்பது மரபு. அகப்பாட்டினுள் ஆலவாய்த் திருவிளையாடல்களை அடையாகப் பெய்து செல்லும் அந்நூலில், அகமும் புராணமும் ஒரே இழையிற் கலந்தன. அதன்பின் பெரும்பற்றப்புலியூர் நம்பி இயற்றிய திருவாலவாயுடையார் திருவிளையாடற் புராணமும், காலத்தாற் பிற்பட்டு, திருமறைக்காட்டுப் பரஞ்சோதி முனிவர் மூன்று காண்டத்து அறுபத்துநான்கு படலமாக இயற்றிய திருவிளையாடற் புராணமும் அவ்வரலாற்றை விரித்தன. 1965-இல் வெளிவந்த திரைப்படம் அதனை ஏடறியாதார்க்கும் கொண்டு சேர்த்தது. ஒரு சிறு அகவல் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு இங்ஙனம் இடம்பெயர்ந்து வந்தது.

இடம்பெயர்ந்த வழிப் பொருள் யாதாயிற்று என்பதே வினா. பரஞ்சோதியார் புராணத்தில், சோலையில் அரசியின் கூந்தல் மணத்தை நுகர்ந்த பாண்டியன், இம்மணம் இயற்கையோ செயற்கையோ என ஐயுறுகின்றான். அவ்வையந் தீர்க்கும் பாட்டிற்குப் பொற்கிழி தூக்குகின்றான். மணம் புரிய விரும்பியும் பொருளிலனாகிய ஆதிசைவச் சிறுவன் தருமி இறைவனை வேண்டிப் பாட்டுப் பெறுகின்றான். இங்கே, காதலன் பாராட்டாக இருந்த வினா அரசன் ஐயத்திற்கு விடையாயிற்று. தும்பியைக் கேட்ட கேள்வி அவையைக் கேட்ட கேள்வியாயிற்று. குறுந்தொகைத் தலைவன் கூந்தலின் மணத்தைப் புகழ்ந்தான். அது இயற்கை என வாதித்தானல்லன். புராணத்திலோ அவ்வாதமே பாட்டின் பொருளாகக் கொள்ளப்பட்டது. நக்கீரர் கண்ட குற்றமும் இப்பொருள் மாற்றத்தின் விளைவே. அகத்திணைப் பாட்டில் பொருட்குற்றமாகாத ஒன்று, ஐயந்தீர்க்கும் பாட்டில் பொருட்குற்றம் ஆகின்றது. பாட்டின் சொற்கள் மாறிற்றில. அது நின்ற இடம் மாறிற்று. கிறிஸ்தேவா அம்மையார் இடம்பெயர்தல் என்றது இதனையே.

இன்னும் ஒன்று நுணுகி நோக்கற்பாலது. அப்பாட்டின் உயிர்நிலை தும்பியை நோக்கி விடுத்த வேண்டுகோள்: என்மேல் உள்ள அன்பினாற் கூறற்க, கண்டதே கூறுக என்பது. புராணத்தில் தும்பி இல்லை. தும்பியின் இடத்தில் நிற்பவன் யாவன்? நக்கீரனே. விருப்பு வெறுப்பின்றிக் கண்டது கூறுக என்று பாட்டுக் கேட்டது. விருப்பு வெறுப்பின்றிக் கண்டது கூறினான் அவன். கேட்டவர் இறைவர் என அறிந்த பின்னும், நுதற்கண் காட்டிய பின்னும், அவன் தான் கண்டதை மாற்றிக் கூறவில்லை. பாட்டின் வேண்டுகோளைத் தருமியினும், பாண்டியனினும், அவையத்தாரினும் முழுமையாக நிறைவேற்றியவன் அப்பாட்டினை மறுத்தவனே ஆவான். புராணம் பாட்டின்மேல் ஒட்டவைத்த கட்டுக்கதை என்று சில ஆராய்ச்சியாளர் தள்ளினர். பாட்டைப் புராணத்திற்கு ஒரு சான்று மாத்திரையாகப் பக்தர் சிலர் கொண்டனர். இருவருங் காணாதது இது: புராண வரலாறு அப்பாட்டின் உட்பொருளினின்றே கிளைத்தது. முன்னோர் பாட்டைத் தள்ளவும் இல்லை, நகல் செய்யவும் இல்லை. அதன் கண் அடங்கிய ஒரு வேண்டுகோளை ஓர் அவையாக விரித்தனர். நக்கீரனைத் தும்பியாக வைத்தலை ஆக்கியோர் கருதினரோ என்று வினவின், அதனைத் துணிதற்குக் கருவி இல்லை. கருதாவிடினும் இரு பனுவல்களும் அருகு நிற்றலால் அப்பொருள் விளைகின்றது. முதல் வழி சார்பு என்னும் பாகுபாட்டிற்கு எட்டாத இத்தொடர்பைக் காணுதற்குப் புதிய கோட்பாடு துணையாதல் இதனால் விளங்கும்.

அக்கோட்பாடு இடறும் இடமும் இவ்வரலாற்றிலேயே உண்டு. பார்த் என்பார் ஆசிரியன் இறந்தான் என்றார். மதுரையில் நிகழ்ந்ததோ மறுதலை. பாட்டு முதலில் ஆசிரியன் இன்றியே அவையேறிற்று. கொண்டுவந்தவன் அதனை ஆக்கியோன் அல்லன். அதற்கு வந்த வினாவிற்கு அவனால் விடை கூறவும் இயலவில்லை. அப்பொழுது ஆசிரியனே அவைக்கு எழுந்தருளினான். ஆனால் ஆசிரியன் வந்தமையால் வழக்கு முடிந்ததில்லை. ஆக்கியோன் யான், ஆதலின் பொருள் இதுவே என்று கூறுதல் அங்கே செல்லவில்லை. பாட்டினை ஆக்கியோன் முகம் நோக்காது ஆராய்தல் புலவர் அறம் என்பதனைப் புராணம் நக்கீரன் வாயிலாக நாட்டிற்று. அந்த அளவில் பார்த்தின் கருத்தும் புராணமும் ஒரு திசை நோக்கின. அதற்குமேல் வேறுபட்டன. நெற்றிக்கண்ணின் வெம்மை பொறாது பொற்றாமரையில் வீழ்ந்த நக்கீரன், கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி பாடிக் கரையேறினான் எனவும், இலக்கணக் குறை நீங்க இறைவன் ஆணையால் அகத்தியர்பால் இலக்கணங் கேட்டான் எனவும் அடுத்த படலங்கள் கூறுகின்றன. அந்தாதி இன்றும் பதினோராந் திருமுறையில் உள்ளது. ஒரு பாட்டைப் பற்றிய வழக்கு மற்றொரு பாட்டால் தீர்ந்தது. ஆராய்ந்தவனும் ஆக்கியோனும் பகைவராய்ப் பிரிந்திலர். கற்பித்தலாலும் பாடுதலாலும் உறவாயினர்.

இங்கே தான் பவணந்தியார் உவமையின் அருமை விளங்குகின்றது. பார்த் காட்டிய நெசவில் நெய்வோனுக்கு உரிமை இல்லை. இழைகள் தாமே கூடுகின்றன. பவணந்தியார் காட்டியதில் பஞ்சு நூற்பவளுக்கு முன்னரே உண்டு. அவள் அதனை ஆக்கினாளல்லள். ஆயினும் நூற்றவள் அவளே. சொல் பொது, நூற்றல் ஒருவர் தொழில். இவ்விரண்டனையும் ஒருங்கே கொண்டமையால் தமிழ் மரபு, தொடர்பினை ஒப்புக்கொண்டும் ஆசிரியனை இழந்ததில்லை. இதற்குச் சுந்தரமூர்த்தி நாயனார் திருவாக்கினும் சிறந்த சான்று காண்டல் அரிது. திருவலிவலத்துப் பதிகத்தில், ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய தமிழ்மாலைகளையே மீளவும் சொல்லி ஏத்த அதனை உவப்பவன் இறைவன் எனக் குறித்தருளினார். முன்னோர் சொல்லையே தாம் சொல்லுவதாக உரைத்த அப்பெருமானது பாட்டு, கேட்ட அளவிலே அவருடையதென்று அறியக்கிடக்கின்றது. கடன் கூறியதனால் அவர் குரல் குறைந்ததோ? இல்லை. மூவர் பாடலும் தம்முள் ஒலித்தும் மூன்றாகவே நிற்கின்றன.

ஆகவே, அருளாளர் திருவாக்குப் பிற பனுவல்களோடு தொடர்புடையது எனின் அதன் பெருமை குன்றும் என்று அஞ்சுதல் வேண்டா. திருக்கோவையார் நானூறும் அகத்திணைத் துறைகளை மேற்கொண்டு நடப்பன. கோவை என்னும் பிரபந்தத்தின் அமைப்பினைப் பாண்டிக்கோவை முதலியவற்றோடு ஒப்பவுடையன. பாண்டிக்கோவையில் மன்னன் நின்ற இடத்தில் தில்லைக்கூத்தன் நின்றான். அரசனைப் பாடும் அமைப்பு இறைவனைப் பாடும் அமைப்பாக மாறியதனை அறிந்து படிப்பவன், அறியாது படிப்பவனினும் மாணிக்கவாசகர் செய்த புதுமையை மிகுதியாக உணர்வான். தொடர்பு காணாதவனுக்கு வேறுபாடும் காணாது. மதுரைக்கு அணித்தாகிய திருவாதவூரில் தோன்றிப் பாண்டியன் அமைச்சராய் இருந்த அடிகள் அரசனைத் துறந்து இறைவனை அடைந்தனர் என்னும் வரலாறும், கோவையில் அரசன் இடத்தில் இறைவன் அமர்ந்ததும் தம்முள் ஒத்து நிற்றல் நினையுந்தோறும் இன்பம் பயப்பது.

ஆயினும் ஒருவரையறை உண்டு. பனுவல்கள் யாவும் பனுவல்களினின்றே வருவன, முதலென ஒன்றில்லை என்று அக்கோட்பாட்டினர் சிலர் துணிந்து கூறுவர். மக்கள் இயற்றும் நூல்கள் அளவில் அது பெரும்பாலும் ஒக்கும். தொல்காப்பிய மரபியல், வினைத்தொடக்கு அற்று அறிவு விளங்கிய முனைவன் கண்டதே முதனூல் என்னும் பொருளமையக் கூறிற்று. சைவர் அம்முனைவனை இறைவன் எனக் கொள்வர். அது கோட்பாட்டினால் நிறுவத்தக்கதும் அன்று, மறுக்கத்தக்கதும் அன்று. இலக்கிய ஆராய்ச்சியின் எல்லை அதற்கு இப்பால் முடிகின்றது. எல்லை அறியாது அக்கோட்பாட்டைக் கொண்டு வேதாகமங்களின் முதன்மையை வீழ்த்த முயல்வாரும், அருட்டிறத்தைக் காட்டி ஆராய்ச்சியின் வாயை அடைப்பாரும் ஒரே பிழையினைச் செய்கின்றனர். நக்கீரன் தன் எல்லையுள் நின்று கண்டது கூறினான். அதற்கு அப்பால் உள்ளதனைப் பொற்றாமரைக் கரையிற் கற்றான். ஆராய்வோர்க்கு அவ்விரண்டும் வேண்டற்பாலன.

புதிய கோட்பாடு மேனாட்டினின்றும் வந்தது, அண்மையது என்னும் காரணம் பற்றி அதனை இகழ்வார்க்கும், பழமை என்னும் காரணம் பற்றியே தம்முடையதைப் புகழ்வார்க்கும் கொற்றவன்குடி உமாபதி சிவம் சிவப்பிரகாசப் பாயிரத்திலேயே விடை தந்தருளினார். தொன்மை உடையன யாவும் நல்லன ஆகா, இன்று தோன்றின என்பதனால் எந்நூலும் தீயன ஆகா என்பது அச்செய்யுளின் கருத்து. அக்கருத்தையே அதற்குப் பன்னூறாண்டு முன்னர்க் காளிதாசர் தமது மாளவிகாக்கினிமித்திர நாடகத் தோற்றுவாயில் கூறியுள்ளார். அங்கே அது புதிய நாடகத்திற்கு அவையோர் செவிகொடுத்தற் பொருட்டுக் கூறியது. இங்கே அது முத்திநெறி உணர்த்தும் நூலொன்றின் வாயிலில் நிற்கின்றது. நாடகமேடையினின்றும் சித்தாந்த நூலின் பாயிரத்திற்கு இடம்பெயர்ந்த அக்கருத்து, உரைத்த பழமையால் மதிப்புப் பெறவில்லை; நின்ற இடத்திற்கு ஏற்ப உயிர்த்தமையால் பெற்றது. புதுமையை ஏற்றற்குப் பழையதொரு கருத்தையே கொண்டு வழி வகுத்த அவ்வாசிரியர் செயலில், பனுவலிடைத் தொடர்பு பற்றி அறியவேண்டுவன பலவும் அடங்கின. மேனாட்டார் நூல்களைக் கற்போர் அவற்றோடு இப்பாயிரத்தையும், குறுந்தொகையின் இரண்டாம் பாட்டினையும் உடன்வைத்துக் கற்பாராயின், தும்பியைப் போல விருப்பிற்காகக் கூறாது கண்டதே கூறும் திறம் கைவரப் பெறுவர்.